செத்த பேட்டரிக்குப் பொட்டு வைத்த நங்கைக்கு

நங்கை,

இதை எழுதும்போது உங்கள் பெயிண்ட் வாளி என் காலடியில் இருக்கிறது. மூடி போட்டும் வாடை வருகிறது. புளித்த மோருக்குள் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைத்தால் ஒரு வாடை வருமே, அது. பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டுமென்று போன வாரம் அண்ணன் வீட்டு லாஃப்டை ஒழித்தபோது கைக்கு வந்தது. திறந்தால் வாளி நிறையத் தீர்ந்துபோன பேட்டரிகள். ரிமோட்டுடையது, கடிகாரத்துடையது, டார்ச் லைட்டுடையது. ஒவ்வொன்றின் தலையிலும் உங்கள் அரக்குக் கலர் ஸ்டிக்கர் பொட்டு. பக்கத்தில் பழைய சேலைத் துணி சுற்றிய டியூப்லைட்டுகள், கைப்பிள்ளையைப் படுக்க வைத்தது போல.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பொட்டுக்குக் காரணம் உங்கள் வீட்டுக்காரர், அதாவது உங்களை எனக்கு நங்கையாக்கிய என் அண்ணன். தீர்ந்த பேட்டரியை வெயிலில் காய வைப்பார், உள்ளங்கையில் உருட்டுவார், பல்லால் கடிப்பார், திரும்ப ரிமோட்டில் போட்டுவிட்டு டிவியைத் திட்டுவார். எதில் உயிர் இருக்கிறது, எது செத்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பொட்டை எடுத்துச் செத்ததன் தலையில் ஒட்டினீர்கள். நான் சும்மா இருப்பேனா?

"ஏனுங் நங்கை, அப்படியே கொஞ்சம் பூவும் வெச்சு உடுங்க. சுமங்கலியாப் போய்ச் சேரட்டும்."

"உன்ற வாய்க்கும் ஒரு பொட்டு ஒட்டோணும் அம்மணி. அப்பத்தான் மூடும்" என்றீர்கள்.

நீங்கள் இதில் இறங்கியது மாராத்தாளால். இன்றைக்கும் நம் வீதிக்குக் குப்பை வண்டி தள்ளி வருகிறாளே, அவள்தான். உடைந்த டியூப்லைட்டை நீங்கள் கேரிபேக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தீர்கள். அவள் தெரியாமல் பிதுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை கிழிந்துபோயிற்று. நீங்கள் கழுவிக் கட்டுப் போடுகிறீர்கள், அவளோ, "ஒண்ணுமில்லீங்க, நீங்க பதறாதீங்க" என்று உங்களைத் தேற்றுகிறாள். அவள் போன பிறகு வெகுநேரம் வாசலிலேயே நின்றிருந்தீர்கள். "என்ற குப்பை இன்னொருத்தி கையைக் கிழிச்சுப்போட்டுதே" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பல்பும் பேட்டரியும் குப்பையில் விழுந்ததே இல்லை. நம் வீட்டுடையது போதாதென்று வீதியில் எல்லார் வீட்டிலும் கேட்டு வாங்கினீர்கள். "நங்கை செத்ததுக்கெல்லாம் கூட்டம் சேர்க்கறாங்க" என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

வாளி நிறைந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருக்கிற லைட்டுக் கடைக்குக் கொண்டுபோவீர்கள். அந்தக் கடைக்காரர்தான் வாசலில் அட்டைப்பெட்டி வைத்து, பழைய பேட்டரி, பல்பு இங்கே போடலாம் என்று எழுதி ஒட்டியிருந்தார். நீங்கள் போனால் எழுந்து நிற்பார். "வாங்கக்கா, குடுங்கக்கா, வெச்சுட்டுப் போங்க, நாம பாத்துக்கலாம்" என்பார். திரும்பி வரும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருகிற அம்மாவின் முகம்.

போன ஆடியில் நீங்களும் போய்விட்டீர்கள். நெற்றியில் அதே அரக்குப் பொட்டோடு. கடைக்குப் போகாமல் நின்ற கடைசி வாளி இது.

"அதைப் போயிக் கொஞ்சிக்கிட்டிருக்கறயே. மத்த குப்பையோட கொட்டிப்போடு" என்றார் அண்ணன்.

"கொட்டறதுக்கா அண்ணா அவங்க சேத்து வெச்சாங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குத்தான் நடந்தேன். ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால் கடைக்குப் பின்னாலிருக்கிற காலி இடம் வழியாகச் சுற்றினேன். அங்கே குளத்துக்குப் போகிற வாய்க்கால் ஓரமாக ஒரு குப்பை மேடு. அதில் புள்ளி புள்ளியாக அரக்குக் கலர்.

முதலில் ஏதோ பூச்சி என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். உங்கள் பொட்டு நங்கை. பேட்டரி வீங்கி, பொத்து, வெள்ளையாக என்னவோ வழிந்து, மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. பொட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. எத்தனை மழை பெய்திருக்கும். நல்ல கம்பெனிப் பொட்டாகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். டியூப்லைட்டெல்லாம் நொறுங்கிக் கிடந்தது, உங்கள் சேலைத் துணி முள்செடியில் சிக்கியிருந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்கம்மணி, குடுங்க, வெச்சுட்டுப் போங்க."

"எங்கீங்க வெக்கறது? இங்கயா, பொறத்தாலயா?"

அவருடைய கை பாதியில் நின்றுவிட்டது. பொய் சொல்லவில்லை, அதையும் எழுத வேண்டும். "கம்பெனிக்காரங்க வந்து எடுத்துக்கறோம்னு சொல்லித்தான் பெட்டி வெச்சனுங்க. ஆரும் வரலீங்க. கடையில எடமில்ல. அந்தக்கா வாளியைத் தூக்கீட்டு வேர்த்து விறுவிறுத்து வருவாங்க, அவங்க மூஞ்சியைப் பாத்து வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க."

நான் அவரைத் திட்டத்தான் போனேன். இதற்கு எப்படித் திட்டுவது, நீங்களே சொல்லுங்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அந்த மரியாதையிலேயே உங்கள் பாடெல்லாம் வாய்க்கால் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு தரம் அந்த மனுசன், "எடுக்க ஆளில்லைங்கக்கா" என்று சொல்லியிருந்தால் நீங்கள் வேறு இடம் தேடியிருப்பீர்கள். இனி அதை உங்களிடம் சொல்லக்கூட முடியாது. சொல்லாமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றுகிறது. ஆனால் நான் எதைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்?

மாராத்தாளைக் கூப்பிட்டேன். அவள் கையுறையும் இடுக்கியும் கொண்டுவந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி உங்கள் வாளியிலேயே சேர்த்தோம். கண்ணாடித் தூளைத் தொடக் கூடாதென்று அவள் என்னை அதட்டிவிட்டாள். அது அங்கேயேதான் கிடக்கிறது.

அடுத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். லாஃப்டில் வாளியோடு கிடைத்த உங்கள் ஓடாத மிக்சியையும் அயர்ன் பாக்ஸையும் பார்த்ததும் கடைக்காரர், "குடுங்கம்மணி" என்று கையை நீட்டினார். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறதல்லவா. ஆனால் அவர் கடைக்குப் பின்னால் ஒயரை எரித்துக்கொண்டிருந்த புகை என் தொண்டையை அடைத்தது. இரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வாளியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வார்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த தம்பியும் தங்கமான தம்பிதான். "வெச்சுட்டுப் போங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பாத்துக்கலாம்னா எப்படிங் தம்பி? இங்கிருந்து எங்க போகும்?"

"வண்டி வந்து எடுத்துக்குமுங்க. பொங்கல் கழிச்சு வரும்."

"அப்ப வண்டி வாரப்பச் சொல்லுங்க. நானே ஏத்தி உட்டுட்டு, எங்க எறக்கறாங்கன்னும் பாத்துட்டு வாரேன்."

"எங்களை நம்ப மாட்டீங்களா?"

"என்ற நங்கை நம்புனாங்க தம்பி. அந்த நம்பிக்கையத்தான் இடுக்கியில பொறுக்கியாந்திருக்கறேன்."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல அந்தத் தம்பி விழித்தார். அவருடைய போன் நம்பரை எழுதி வாங்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னக்கா, பொங்கல் பலகாரமா?" என்றார். "ஆமாங்க, கடிச்சுப் பாக்கறீங்களா? எங்கண்ணன் இதத்தான் கடிப்பாரு" என்றேன். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே சொல்லி எனக்கே சிரிப்பு வராதது இதுதான் முதல் தடவை நங்கை.

இன்றைக்குக் காப்புக் கட்டு. பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து இரண்டு வீட்டு வாசலிலும் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். கையை மூடிக்கொண்டு வந்தார். திறந்தால் ரிமோட் பேட்டரி. பல் பட்ட தடம் அதில் இருந்தது. பழக்கம் போகுமா.

"இதுக்கு ஒரு பொட்டு வெச்சு உடு" என்றார்.

உங்கள் கண்ணாடியில் கடைசியாக நீங்கள் ஒட்டிய பொட்டு இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்தபோதுகூட அந்தக் கண்ணாடியை யாரையும் அவர் தொட விடவில்லை. அதை எடுக்க அவருக்கு மனசு வரவில்லை, அதனால் என்னிடம் வந்திருக்கிறார். என் நெற்றியில் இருந்ததை எடுத்து அந்தப் பேட்டரியின் தலையில் ஒட்டி, வாளியில் போட்டேன்.

பொங்கல் கழிந்ததும் அந்தத் தம்பிக்குப் போன் போடுவேன். எடுக்கவில்லையென்றால் வாளியோடு நேரில் போவேன். உங்களுக்கு மரியாதை ஜாஸ்தி நங்கை. கொடுத்துவிட்டு வந்தீர்கள், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் குணம் கிடையாது. எங்கே போகிறது, எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.