கழுவிப்போன இளஞ்சிவப்பு

என் பிரியமானவருக்கு நமஸ்காரம். சாமி புண்ணியத்தில் நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் பிள்ளைகளின் சளியும் தேவலையா?

நேற்று ஆய்வுக்கூடத்தில் இருந்தது மூன்றே பேர்: ஆய்வாளர், கல் அறுப்பவர், நான். சுரங்கத்திலிருந்து வரும் கற்களைத் துடைத்து எண் போடுவதுதானே என் வேலை. பதினான்காம் கல்லில் இளஞ்சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. குத்துவிளக்குத் துலக்கிய கை சும்மா இருக்குமா? தேய்த்துக் கழுவிவிட்டேன்.

"அது அழுக்கு இல்லம்மா. கோபால்ட்டும் பாஷாணமும் சேர்ந்த தாது உள்ள இருந்தா மேல அப்படிப் பூக்கும். அதப் பாத்துத்தான் எங்க அறுக்கறதுன்னு முடிவு பண்ணுவோம்" என்றார் ஆய்வாளர்.

"பளபளன்னு ஆக்கிட்டீங்களே, கல்ல யாராச்சும் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் அறுப்பவர்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் எந்தக் கல்லையும் தொடுமுன் பார்த்ததை நோட்டில் எழுதிவிடுவேனே: 'இடது ஓரம், இரண்டு விரல் அகலம், இளஞ்சிவப்பு.' அதைப் பார்த்து அந்த இடத்திலேயே அறுத்தார்கள். நடுவில் கிளைவிட்ட வெள்ளி, அதைச் சுற்றிச் சாம்பல் நிறத் தாது, அதற்கும் வெளியே கால்சைட் என்கிற வெள்ளைச் சுண்ணாம்புப் படிகம். பாறை வெடிப்பில் ஏறிய சுடுநீர் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்ததாம். என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். பாஷாணம் என்றதும் பயப்படாதீர்கள், கையுறையும் முகக்கவசமும் போட்டிருந்தேன்.

இனி எல்லாக் கற்களின் விவரத்தையும் நான்தான் எழுத வேண்டுமாம். இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான்.

பெரிய எழுத்துத் துதிப் புத்தகத்தை அனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய சட்டை ஒன்றும். கல் துடைக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்குள் நான் முடிவு சொல்லியாக வேண்டும். இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.