பொட்டலத்தின் மேல் யார் பெயர்

என் எஸ்தர் அக்காவுக்கு,

உன் வலைப்பூவில் உன் தங்கை எழுதுகிறேன். உள்ளே நுழைய ஒரு சிரமமும் இருக்கவில்லை. கடவுச்சொல்லைத்தான் நீ துண்டுக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாயே. இது என்ன பாதுகாப்பு என்று நான் கேட்கும்போதெல்லாம், "யாருடி வந்து என் கத்தரிக்காயைத் திருடப் போறா?" என்பாய்.

உன்னைத் தெரியாமல் இங்கே வருகிறவர்களுக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நீ சேலையூரில் நாம் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் காய்கறி போட்டாய். அதைப் பற்றி 'தொட்டி நிழல்' என்று ஒரு வலைப்பூ எழுதினாய். சித்திரை மாதத்தில் ஒரு காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்தாய். தலை சுற்றுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாய். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நீ போன செய்தியை இங்கே இரண்டு வரியில் போட்டேன். எனக்கு அவ்வளவுதான் எழுத வந்தது. அதன் கீழே இத்தனை பேர் வந்து நிற்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. இதற்கிடையில் செய்தியைப் பார்க்காமல் உன் பழைய பதிவுகளின் கீழே கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் வேறு. வெண்டையில் மாவுப்பூச்சி, என்ன அடிக்கலாம் அக்கா? பீர்க்கையில் பூ வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை, ஏன் அக்கா? ஒவ்வொன்றையும் படிக்கிறேன். என்ன பதில் சொல்வேன்? லில்லி என்று பூவின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு செடி வளர்க்கத் தெரியாதவள் என்று நீதானே என்னைச் சொல்லுவாய்.

கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிற எனக்குத் தற்சார்பு என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு சிரிப்பு வரும். தாம்பரம் மார்க்கெட்டில் பை நிறைய வெங்காயம் வாங்கி வந்து வைத்துவிட்டு நீ தற்சார்பு வாழ்க்கை பற்றித் தட்டச்சு செய்துகொண்டிருப்பாய். உப்பு எந்தத் தொட்டியில் விளைகிறது என்று கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உப்பு பக்கத்து வீட்ல கேட்டுக்கலாம்டி," என்றாய். பேச்சை மாற்றுகிறாய் என்றுதான் அன்று நினைத்தேன்.

இந்த மாதங்களில் உன் பதிவுகளை முதலிலிருந்து படித்தேன். நன்றாகக் காய்த்ததைப் பற்றி நீ எழுதினால் 'அருமை' என்று ஒரு சொல்லோடு போய்விடுகிறார்கள். தக்காளி முழுக்க வாடிப்போனது, புடலை பந்தலோடு சாய்ந்தது என்று எழுதினால்தான் நீள நீளமாகப் பேசுகிறார்கள். எனக்கும் போச்சு அக்கா என்று ஆரம்பித்து, வீட்டுக் கதையெல்லாம் சொல்லி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்கிறார்கள். நீ செத்த செடிகளை மறைக்கவில்லை. அதனால்தான் வந்தார்களா?

அப்படியானால் இந்தக் கடிதத்துக்கும் வருவார்கள். ஏனென்றால் உன் மாடி போய்விட்டது, அக்கா.

முதலில் என் கையால்தான் போயிற்று. வாடியதற்குத் தண்ணீர் ஊற்றினேன், வேர் அழுகியது. அழுகுகிறதே என்று நிறுத்தினேன், காய்ந்தது. உன் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு, நீ சொன்னபடியேதான் செய்தேன். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் ஹவுஸ் ஓனர் மோகன் அண்ணன் மேலே வந்தார். உன் அறைக் கூரையில் ஈரம் படர்ந்து, காரை உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்திருந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீ இருந்தவரை பொறுத்துக்கொண்டிருந்தவர். "எஸ்தர் அக்கா இருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்மா. மழைக்கு முன்னாடி மாடியைக் காலி பண்ணிக் குடுங்க, ஒழுகாம பூசிடறேன்," என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? உன் கட்டில் மேல் கூரை விழட்டும் என்றா?

மாடியைக் காலி செய்யுமுன் விதைகளை எடுத்து வைத்தேன். பிஸ்கட் டின் நிறைய காகிதப் பொட்டலங்கள். எதிலும் என்ன விதை என்று எழுதியிருக்கவில்லை. 'படப்பை தேவி', 'கீழ்க்கட்டளை ஜெயசீலி', 'பீர்க்கன்கரணை முருகன்' என்று ஊரும் பேரும் மட்டும் உன் சாய்ந்த எழுத்தில் இருந்தன. ஒன்றில் மட்டும் ஊர் இல்லை, 'தங்கச்சி' என்று இருந்தது. யார் யாருக்குத் தரவேண்டும் என்று பிரித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறாய். அந்தப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

உன் போனில் இருந்த எண்களைப் பிடித்து, முகவரி வாங்கி, எல்லோருக்கும் கூரியரில் அனுப்பினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை. உனக்காக ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்தேன் என்றிருந்தது.

முதலில் தேவிதான் கூப்பிட்டார். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். உன் பதிவுகளின் கீழே அதிகம் கிண்டல் செய்கிறவர்.

"அக்கா, படப்பை தேவி பேசறேன். இன்னாக்கா இது, நான் குடுத்த வெதையை எனக்கே அனுப்பிகிறீங்க? எங்க மேல எதனா வருத்தமா?"

உங்கள் பெயர்தானே எழுதியிருந்தது என்றேன்.

"குடுத்தவங்க பேரைத்தான்க்கா எழுதுவோம். வாங்கறவங்க பேரை எதுக்கு எழுதணும்?"

இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. விதை மாற்றிக்கொள்ளும் உங்கள் கூட்டத்தில் கத்தரிக்கு ரகம் கிடையாது, ஆள்தான் உண்டு. தேவி கொடுத்தது 'தேவி'. அதிலிருந்து நீ எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால், அவர் வீட்டில் அதன் பெயர் 'எஸ்தர்'. அந்தக் கணக்கு தெரியாமல், அவரவர் விதையை அவரவருக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க இதுதான் பேச்சாம். வீட்டைக் காலி செய்கிறார்கள், நம் உறவே வேண்டாம் என்கிறார்கள் என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். கீழ்க்கட்டளை ஜெயசீலி டீச்சர் பிறகு என்னிடம் நேரிலேயே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க லில்லி. சம்பந்தம் வேணாம்னு சீர்த்தட்டைத் திருப்பி அனுப்புவாங்க பாருங்க, அந்த மாதிரி இருந்தது."

நான் தேவியிடம் மன்னிப்புக் கேட்டேன். மாடி காலியாகப் போவதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை; நான் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பும்போது வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. தேவி, ஜெயசீலி டீச்சர், இன்னும் முகம் தெரியாத சிலர். மோகன் அண்ணன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். பிழைத்திருந்த தொட்டிகள், பெயின்ட் வாளிகள், தெர்மோகோல் பெட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் 'சேலையூர் எஸ்தர்' என்று எழுதினார்கள். இந்தக் கத்தரி நீங்கள் கொடுத்ததுதானே என்று தேவியைக் கேட்டேன். "அது அப்போ. இப்போ எஸ்தர் அக்கா குடுத்தது," என்றார்.

நான் ஒரு தொட்டியைக்கூடச் சரியாகத் தூக்கவில்லை. மாடிக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கறிவேப்பிலையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, அக்கா. அது நின்ற நீல டிரம்மை நாலு பேர் அசைத்தபோது அடி கழன்றுவிட்டது. வேர் தளத்துக்குள் இறங்கியிருந்தது. உன் கூரையை நனைத்தது அதுதான். வெட்டினார்கள். அன்று முழுக்க வீட்டில் அந்த வாசனை இருந்தது.

கிளம்பும்போது 'தங்கச்சி' பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினேன். இது மட்டும் எனக்கு வைத்ததுதானே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. டீச்சர் பிரித்தார். வெளிறிய மஞ்சளில் தட்டைத் தட்டையாகக் கொஞ்சம் விதை.

"மிளகாய்," என்றார் டீச்சர்.

"கத்தரி டீச்சர்." தேவி ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். "காரமே இல்ல."

"பழசானா காரம் போயிடும்மா."

"உங்களுக்கு வேணா போயிருக்கும்."

அவர்கள் சிரித்தார்கள். அப்புறம் தேவி என்னைப் பார்த்து, நீங்கதானே குடுத்தீங்க, என்னான்னு உங்களுக்குத்தான் தெரியணும் என்றார்.

எனக்குத் தெரியவில்லை, அக்கா. நான் உனக்கு எப்போது விதை கொடுத்தேன்? உன் பதிவுகள் முழுக்கத் தேடினேன், இல்லை. நான் உனக்குக் கொடுத்ததாக எனக்கு நினைவிருப்பதெல்லாம் கேலிதான். ஏதோ ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவில் எதையோ ஒதுக்கி வைத்துவிட்டு வந்தேனா? அதை நீ கழுவும்போது எடுத்து வைத்தாயா? உன்னைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாய். கேட்க ஆளில்லை. நீ எனக்கு விட்டுப்போனது என்று நான் நினைத்திருந்த ஒன்றும் என்னிடமிருந்தே வந்தது என்றால், நான் எதைப் பிடித்துக்கொள்வது?

மாடி இப்போது வெள்ளையாக இருக்கிறது. வெயிலில் கண் கூசுகிறது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மட்டும் பழைய இடத்திலேயே விழுகிறது. அதில் வைக்க ஒன்றுமில்லை. உன் அறை ஒழுகவில்லை. அதுதான் நல்ல செய்தி.

கீழே மோட்டார் அறை ஓரத்தில் ஒரே ஒரு வாளி வைத்துக்கொள்ள மோகன் அண்ணன் இடம் கொடுத்திருக்கிறார். நேற்று அதில் 'தங்கச்சி' விதையைப் போட்டேன். எவ்வளவு ஆழம் என்று டீச்சர் ஒன்று சொன்னார், தேவி ஒன்று சொன்னார். விதை பழசு, என் கையைப் பற்றியும் உனக்குத் தெரியும். முளைக்காமல் போனால், நீ செய்தது போல, மறைக்காமல் இங்கேயே சொல்வேன். முளைத்துக் காய்த்தால், மிளகாயோ கத்தரியோ, முதல் கைப்பிடி விதையைப் பொட்டலம் கட்டித் தேவியிடம் கொடுப்பேன். அவர் அதன் மேல் என் பெயரை எழுதப் போவார். அதற்கு முன்பே நான் உன் பெயரை எழுதியிருப்பேன். இது சத்தியம்.

பொட்டலத்தின் மேல் நீ எழுதியபடியே,
உன் தங்கச்சி