மாட்டுக் கயிற்றை வெட்டிய நாள்

வட்டகொடை,
வியாழக்கிழமை.

அன்பு மகன் மதுரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தங்கை பிரியந்தி, பிள்ளைகள் எல்லோரும் சுகம், கப்பலில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன். பிரியந்தி வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாடு போன கிழமை கன்று போட்டது, கிடாரி. பால் நிறையத்தான் கறக்கிறது, நான் குடிப்பதில்லை.

நீ போனில் பேசி அனுப்பியதை நாலைந்து தரம் கேட்டேன். மலையில் இன்னும் வெடிப்பு இருக்கு, மண்ணு சரிஞ்சு உடைஞ்ச லயத்து வீட்டுப் பக்கம் தினமும் போய் நிக்காதீங்கப்பா, கட் அண்ட் ரன்னுன்னு கப்பல்ல சொல்லுவோம், அப்படி எல்லாத்தையும் விட்டுட்டு வந்துருங்க என்றாய். அந்த இங்கிலீசு எனக்கு விளங்கவில்லை. பேத்திக்குப் பாடம் சொல்லும் யாழ்ப்பாணத்து டீச்சர் சிவனேஸ்வரியிடம் கேட்டேன். அந்தக் காலத்துப் பாய்க்கப்பலுக்குப் புயலோ எதிரியோ திடீரென்று வந்தால் நங்கூரத்தை இழுத்து ஏற்ற நேரம் இராதாம், கோடரியால் கயிற்றை வெட்டிவிட்டுக் காற்றோடு ஓடிவிடுவார்களாம், நங்கூரம் கடலுக்கடியிலேயே கிடக்குமாம். இப்ப பயந்து விட்டிட்டு ஓடுறதுக்கும் அப்பிடித்தான் சொல்லுறவை ஐயா என்றார். டீச்சர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மதுரன், அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், ஒன்றும் தெரிந்திருக்காது என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். மண் சரிந்த அன்றைக்கு மதியம் அவள் முழித்துத்தான் இருந்தாள். மழைக்கு லயத்தில் நம் காம்பரா அறைக் கதவு ஊதி இறுகிக்கொள்ளும், உனக்குத் தெரியும். ஏங்க, கதவு தெறக்க மாட்டேங்குது, வந்து தள்ளுங்க என்று கூப்பிட்டாள். மழை நாளில் எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டது. இந்தா வர்றேன் புள்ள என்று சொல்லிவிட்டு, சினை மாடு மிரளுகிறதே என்று முதலில் மாட்டுப் பட்டிக்குப் போனேன். நனைந்த முடிச்சு அவிழவில்லை, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் கயிற்றை வெட்டினேன். அப்போது மேலே மலை பிளக்கும் சத்தம் கேட்டது. மாடு ஓடியது, பின்னாலேயே நானும் ஓடினேன். கதவுப் பக்கம் போகவில்லை. நின்று திரும்பிப் பார்த்தபோது லயமே இல்லை.

இப்போது மழை பெய்தால் பட்டப்பகலிலும் அவள் குரல் கேட்கிறது. கோபமே இல்லாமல் கூப்பிடுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை. பிரியந்தி வீட்டுக் கதவை எத்தனை தரம் போய்த் திறக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அப்பாவுக்கு வயசாயிருச்சு என்று அவள் நினைத்துக்கொள்கிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உடைந்த லயத்துக்கு நான் சாமான் தேடிப் போவதில்லை. அங்கே நின்று, வந்துட்டேன் புள்ள என்று சொல்லத்தான் போகிறேன்.

ஈரத் தளத்தில் பார்த்து நட, குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு. அம்மன் உனக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டாள். அம்மாவின் வருசத் திவசம் கார்த்திகையில் வருகிறது, மறக்காதே. லீவு கிடைத்து வந்தால் வாசலில் நின்று அப்பா என்று ஒரு தரம் கூப்பிடு. என்னைக் கூப்பிட மனசில்லாமல் உள்ளே வந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்துலிங்கம்