லோஷினிக்கு மறுக்கப்பட்ட வேறு தேதி

அனுப்புநர்:
செல்வராணி த/பெ அய்யாவு
(காலஞ்சென்ற ஜெயபாலனின் மனைவி),
ரயில் நிலையச் சாலைப் பின்புறம்,
லாபிஸ், ஜொகூர்.

பெறுநர்:
தமிழ்மொழிப் பிரிவு அதிகாரி அவர்கள்,
மாநிலக் கல்வி இலாகா,
ஜொகூர் பாரு.

பொருள்: தகப்பனை இழந்த மறுவாரமே மூவெட் பேச்சுத் தேர்வில் உட்கார வைக்கப்பட்ட ஆறாம் படிவ மாணவி லோஷினி த/பெ ஜெயபாலனுக்கு மறுவாய்ப்பு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சிகாமாட் பக்கம் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். என் ஒரே மகள் லோஷினி எங்கள் வட்டாரத்து இடைநிலைப்பள்ளியில் ஆறாம் படிவம் படிக்கிறாள். பள்ளியின் பெயரை இம்மனுவில் நான் வேண்டுமென்றே எழுதவில்லை. எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் படிக்கிறார்கள். என்னால் அவர்களுக்கு ஒரு கெடுதல் வரக் கூடாது. தாங்கள் அழைத்துக் கேட்டால் நேரில் வந்து சொல்கிறேன்.

2. மனுவைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் பில் தகராறோ, கிளினிக்கில் நிரப்பும் பாரமோ, எங்கள் வீட்டில் மலாயில் எது எழுத வேண்டுமானாலும் லோஷினிதான் எழுதுவாள். இதை அவள் கையாலேயே எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை. தாங்கள் தமிழர், படித்தால் புரிந்துகொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

3. என் மகளுக்கு ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசை. பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு கிடைக்க ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம். தேர்வு மட்டும் போதாது, மூவெட் என்னும் ஆங்கிலத் தேர்விலும் நல்ல பேண்ட், அதாவது உயர்ந்த தரநிலை, வாங்க வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றிலும் அவளுக்குப் பயம் இல்லை. பேச்சுத் தேர்வு என்றால்தான் உதறல். முன்பின் தெரியாத இரண்டு தேர்வாளர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். தலைப்பைக் கொடுத்து, யோசிக்கக் கொஞ்ச நேரம் கொடுத்து, தனியாகப் பேசச் சொல்வார்கள். அதன்பின் குழுவில் உள்ள மற்ற பிள்ளைகளோடு விவாதிக்க வேண்டும். வீட்டில் தமிழ், கடையில் மலாய் என்று வளர்ந்த பிள்ளை ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கு எங்கே போவாள்?

4. அதற்கு ஒரு வழி செய்தவர் எங்கள் பக்கத்துத் தாமானில் இருக்கும் டோரிஸ். காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறவர். முப்பது வயதுகூட ஆகவில்லை. சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, கோயில் பிள்ளை, சர்ச் பிள்ளை என்று பார்க்காமல், இலவசமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார். தலைப்பு எதுவாக இருந்தாலும் சொந்த வீட்டு ஆள் ஒருவரை வைத்துப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும் என்பது அவர் பழக்கிய முறை. தெரிந்த ஆளைப் பற்றிப் பேசும்போது நாக்கு தடுமாறாது, முதல் வாக்கியம் வந்துவிட்டால் மற்றது பின்னாலேயே வந்துவிடும் என்பார். ஒரு பிள்ளை தன் அண்ணனை எடுத்துக்கொண்டது. இன்னொன்று வீட்டு நாயை எடுத்துக்கொண்டது. லோஷினி தன் அப்பாவை எடுத்துக்கொண்டாள். சாலை நெரிசல் என்று தலைப்பு வந்தால், என் அப்பா லாரி ஓட்டுகிறார். ஆரோக்கியம் என்று வந்தால், என் அப்பா தே தாரிக் தேநீரில் சீனியைக் குறைக்க மாட்டேன் என்கிறார். சுற்றுச்சூழல் என்று வந்தால், என் அப்பா பழைய டயரில் ரோஜாச் செடி வைத்திருக்கிறார். இப்படி மாதக் கணக்கில் பழகினாள். எந்தத் தலைப்பின் கதவைத் தட்டினாலும் அப்பாதான் வந்து திறந்தார்.

5. என் கணவர் ஜெயபாலன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மகளுக்கு வீட்டில் தேர்வாளராக உட்கார ஆள் வேண்டும் என்றதும், நான் இல்லையா என்று அவரே வந்து உட்கார்ந்தார். வேலை விட்டு வந்தால் கைலிதான் கட்டுவார். தேர்வாளர் ஆனதிலிருந்து குளித்துவிட்டுக் கால்சட்டை போட்டு, சட்டையை உள்ளே விட்டு, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்காருவார். நான் சிரித்துவிட்டால், சும்மா இரு, இங்கே பரீட்சை நடக்கிறது என்று முறைப்பார். ‘யூ மே ஸ்டார்ட்’ என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியில் நேரம் வைப்பார். மகள் பேசுவதில் அவருக்கு ‘மை ஃபாதர்’ என்பது மட்டும்தான் புரியும். அதைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வார். ஐயா, மனுவில் இதெல்லாம் தேவையா என்று தாங்கள் நினைக்கலாம். தேவை, பின்னால் நடந்தது இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

6. பேச்சுத் தேர்வுக்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் இறந்ததால் போலீஸ் நிலையம், பிறகு இறப்புப் பத்திரம் என்று அலைந்து, மறுநாள் தகனம் செய்தோம். அடுத்த புதன்கிழமை லோஷினிக்குப் பேச்சுத் தேர்வு. அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. இந்தப் பிள்ளை எப்படிப் போய்த் தேர்வாளர் முன்னால் உட்காரும்?

7. பேச்சுத் தேர்வு ஒரே நாளில் முடிவதில்லை. குழுக் குழுவாகப் பல நாட்கள் நடக்கிறது. ஆகவே கடைசி நாளில் வேறு ஒரு குழுவோடு லோஷினியை உட்கார வைக்க முடியுமா என்று கேட்க, டோரிஸ் திங்கட்கிழமை விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனார். பெற்றோர் நேரில் வந்து கேட்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். நம் வழக்கம் தாங்கள் அறியாதது அல்ல. புருஷனைப் பறிகொடுத்தவள் கருமாதி முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. நான் தாண்டினேன். செவ்வாய்க்கிழமை காலை, பொட்டில்லாத நெற்றியோடு, டோரிஸின் காரில் ஏறிப் போனேன். என் நாத்தனார் பேச்சியம்மாள் வாசலில் நின்றுகொண்டு, தம்பியின் சாம்பல் ஆறவில்லை, அதற்குள் இவளுக்கு ஊர் சுற்றக் கால் அரிக்கிறதா என்று தெருவே கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. போகட்டும், அவரும் உடன்பிறந்தவனைப் பறிகொடுத்தவர்.

8. பள்ளி அலுவலகத்தின் வெளியே பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்தோம். அந்த வழியாகப் போன பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தேர்வுக்குப் பொறுப்பான ஆசிரியர் வந்து, இறப்புப் பத்திரத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பெயர்கள் மேலிடத்துக்குப் போய்விட்டன, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ‘கெனா குவாட் லா, காக்’ என்றார். மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். திடம் இல்லாமலா நான் அந்த நெற்றியோடு அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்? மேலிடத்தை ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன், சேகு, என்று அந்த ஆசிரியரைக் கெஞ்சினேன். கொஞ்ச நேரம் பேசினால் முடிந்துவிடும், மகளைத் தைரியமாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். அவர் யாரையும் கேட்கவில்லை. ஒரு போன்கூடப் போடவில்லை. இதுதான் ஐயா என் புகார்.

9. புதன்கிழமை லோஷினி போனாள். மக்களை உடற்பயிற்சி செய்யத் தூண்டுவது எப்படி என்பது தலைப்பு. சாவைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. அவள் யோசித்து வைத்தது என்னவோ வேறு. பேசச் சொன்னதும் பழகிய வாய் தானாக ‘மை ஃபாதர்’ என்று ஆரம்பித்துவிட்டது. அத்தோடு நின்றது. பேச வேண்டிய நேரம் முழுவதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு தேர்வாளர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்து, தம்மால் முடிந்தவரை காத்திருந்தாராம். அந்த அம்மையார் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே. குழு விவாதத்திலும் இவள் முறை வந்தபோது மற்ற பிள்ளைகள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே பேசி முடித்திருக்கிறார்கள். இவ்வளவையும் லோஷினி பல நாள் கழித்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். எந்தத் தலைப்புக்கும் அவளிடம் வேறு ஆரம்பம் இல்லை, ஐயா. இன்னொன்றைத் தேடிக்கொள்ள அந்தப் பிள்ளைக்குச் சில நாள் வேண்டியிருந்தது. நாங்கள் கேட்டதும் அதைத்தான்.

10. முடிவு வந்தது. மற்ற மூன்று தாள்களிலும் நன்றாகச் செய்திருந்தும், பேச்சு கீழே இழுத்துவிட, அவள் விரும்பிய படிப்புக்குப் போதாத பேண்ட்தான் கிடைத்தது. அடுத்த மூவெட் முடிவு வருவதற்குள் பல்கலைக்கழக விண்ணப்பம் மூடிவிடும் என்கிறார்கள். இதையும் விதி என்று விழுங்கியிருப்பேன். ஆனால் அதே பள்ளியில், மாநில ஹாக்கி போட்டிக்குப் போக வேண்டியிருந்த ஒரு மாணவிக்குப் பேச்சுத் தேர்வின் நாளை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பந்தயத்துக்குப் போன பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, அது நன்றாக இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்காக மேலிடத்தைக் கேட்க ஒருவர் இருந்தார். என் பிள்ளைக்குக் கேட்க அவள் அப்பாவும் இல்லை, பள்ளியும் இல்லை. இதைக் கேள்விப்பட்ட அன்றுதான் ஐயா, என் கணவர் போன அன்று அழாத அழுகையை நான் அழுதேன்.

11. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது: லோஷினிக்குப் பேச்சுத் தேர்வில் மட்டும் மறுபடி உட்கார வழி உண்டா என்று தேர்வு வாரியத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், அடுத்த முடிவு வரும்வரை அவள் விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கும்படி பல்கலைக்கழகத்துக்கு இலாகா பரிந்துரைக்க வேண்டும். இனிமேல் வீட்டில் சாவு விழுந்த எந்தப் பிள்ளைக்காகவும், எந்த இனத்துப் பிள்ளையாக இருந்தாலும், பள்ளியே மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கை ஒன்று போக வேண்டும். பெற்றவள்தான் நேரில் வர வேண்டும் என்று சாவு வீட்டுக்குச் சொல்லி அனுப்பக் கூடாது. அந்த ஆசிரியரின் வேலைக்கு உலை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம் அல்ல. அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்.

12. இன்னொரு கோரிக்கையும் உண்டு. இதைச் சட்டத்தில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. லோஷினி இப்போது சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டிடம் பெயர் கொடுத்திருக்கிறாள். வேலைக்குப் போவது ஒன்றும் இழிவு இல்லை, நானும் தொழிற்சாலைக்காரிதான். அவள் எதற்காகப் போகிறாள் என்பதுதான் என்னை அறுக்கிறது. அப்பா லாரி ஓட்டிவிட்டு வந்து அசதியைப் பார்க்காமல் எனக்காக உட்கார்ந்தாரே, அந்தப் படிப்பை நான் வாயைத் திறக்காமல் கெடுத்துவிட்டு வந்தேனே, இனி எந்த முகத்தோடு படிப்பேன் என்கிறாள். டோரிஸ் சொல்லிப் பார்த்துவிட்டார். நானும் காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லிவிட்டேன். அம்மா என்றால் அப்படித்தானே சொல்வீர்கள் என்று எழுந்து போய்விடுகிறாள்.

13. தாங்கள் அவளுக்கு ஒரு கடிதம் போட வேண்டும், ஐயா. இலாகாவின் முத்திரையோடு, அவள் பெயருக்கே வர வேண்டும். நீளமாக எழுத வேண்டியதில்லை. தவறு உன்னுடையது அல்ல என்று எழுதினால் போதும். மறுதேர்வு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதை மறுக்காமல் செய்ய வேண்டும். எனக்குப் பதில் எழுத நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, நான் தாங்கிக்கொள்வேன். அவளுக்கு எழுதுங்கள்.

தங்களை நம்பி இம்மனுவை அனுப்பும்,

செல்வராணி
(செல்வராணி த/பெ அய்யாவு)

இடம்: லாபிஸ்
தேதி: 12 ஜனவரி 2026

இணைப்பு: இறப்புப் பத்திர நகல், மூவெட் முடிவின் நகல்