பெயர் சொல்லும் முன் ஊசியைத் தூக்கியவனுக்கு

புனே சாங்வியில் எங்கள் வீட்டில் மகன் வாங்கிவந்த பெட்டியைப் பிரித்தபோது புது அட்டை வாசனை வந்தது. உன் வீட்டு வாசனை வேறு. அரக்கும் தூசியும் எலிப்புழுக்கையும் சேர்ந்து மணக்கும். ஆனாலும் உன் ஞாபகம்தான் வந்தது. பாடி நடித்துப் பேரெடுத்த அந்த அம்மாவின் பாட்டையெல்லாம் திரட்டி எட்டுக் குறுந்தட்டாக வெளியிட்டிருக்கிறார்கள். கூடவே சின்னப் புத்தகம். எனக்கு எழுத்து தெரியாது. கோயமுத்தூர்க்காரியான என் மருமகள் வாசித்தாள். முதல் பாட்டு, அந்த அம்மா சினிமாவுக்கு வருமுன் சிறுமியாகப் பாடியதாம். புனேயில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியரின் சேகரிப்பிலிருந்து கிடைத்த அபூர்வமாம்.

அந்த ஆசிரியர் நீதான். உயிரோடிருந்தவரை உன்னைச் சார்வாள் என்றேன், நீங்கள் என்றேன். நான் சொல்ல மருமகள் எழுதும் இந்த மடலில் நீ வெறும் நீதான்.

அந்தப் பாட்டு இருந்த பழைய இசைத்தட்டைக் கொண்டுவந்தது யார்? பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜூனா பஜார் பழைய சாமான் சந்தையில் துருப்பிடித்த இரும்புக்கு நடுவே குந்தி நான் பொறுக்கியது. லேபிள் முழுக்கத் தேய்ந்து போயிருந்தது. உனக்கு லேபிள் இருந்தால்தான் தட்டு. எனக்கு விளிம்பு உடைசலும் கீறலும் போதும், நூறு தட்டில் ஒன்றை எடுத்துவிடுவேன். வானவடியில் உன் வீட்டுக் குழாயடியில் அதைக் கழுவித் துடைத்தேன். "மெஸ்ஸுல ஒரு தட்டு, இங்க ஒரு தட்டு. கழுவியே செத்துருவ போலிருக்கே சவரி" என்று சிரித்தாய். ராணுவ மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவன்தானே நான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கிராமபோனுக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டோம். பழைய நாடகப் பாட்டு. அந்தக் காலத்தில் சில தட்டுகளில் பாடி முடித்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்வார், பின்னால் ஆள் மாறிவிடக் கூடாதென்று. இந்தப் பெண்ணும் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சொல்கிற பிள்ளை மாதிரி: "என் பேர் குருவம்மாள்."

நீயும் கேட்டாய். அதுவரை அந்த அம்மாவின் குரல் என்று நினைத்திருந்த உன் முகம் வாடியதைப் பார்த்தேன். அடுத்த வாரமே, அந்த அம்மாவின் முதல் தட்டு உன்னிடம் இருக்கிறதென்று ஊரெல்லாம் சொன்னாய். யார் கேட்க வந்தாலும் பாட்டு முடிகிற இடத்தில் ஊசியைத் தூக்கிவிடுவாய்.

பாட்டுகளைப் படியெடுக்க மெட்ராசிலிருந்து இரண்டு பேர் வந்தார்களே, அன்றும் அப்படித்தான். "கடைசியில விரிசல், ஊசி போயிரும்" என்றாய். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். பொறுக்கவில்லை. "விரிசல் இல்ல சார்வாள். ஓட விடுங்க. அந்தப் புள்ள பேரு சொல்லுமே" என்றேன்.

"பாத்தீங்களா, கைநாட்டு சாட்சி சொல்ல வந்துட்டான்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவன் தேநீர் கேட்டான். நான் போய்ப் போட்டு வந்தேன்.

அவர்கள் போனபின் என் தோளில் கை போட்டு, "ஏலே, குருவம்மாள யாருக்குத் தெரியும்? அந்த அம்மா பேருல போனா நாலு பேரு கேப்பான். பாட்டுக்குத்தானல நல்லது?" என்றாய். நான் தேநீர்த் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போனேன். நீ வராதே என்று சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு நான் எங்கே போவேன்? அந்தப் பயத்தில் நீ சாகும்வரை உன் தட்டுகளைக் கழுவினேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல் இருக்கிற கோபம்தான். ஆனால் அதைச் சொல்லி நீ தப்பிக்க முடியாது.

நீ செத்த மாதமே உன் மகள் எல்லாவற்றையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள். ஜூனா பஜாரில் வாரக்கணக்காகத் தேடினேன். அந்த விளிம்பு உடைசல் என் கையில் படவே இல்லை.

நேற்று அந்தப் பாட்டைப் போட்டோம். நீ தூக்கிய இடத்தில் சட்டென்று நின்றது. நான் அந்த இடத்தில், "என் பேர் குருவம்மாள்" என்றேன். மகன் திரும்பிப் பார்த்தான். கதையைச் சொன்னேன். "ஜானே தோ பப்பா, விடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். நீ பேசியது போலவே இருந்தது.

மருமகள்தான், "சொல்லுங்க மாமா, நான் எழுதறனுங்க" என்று உட்கார்ந்தாள். நீ படித்தவன். அலமாரி நிறைய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாய். ஒன்றிலும் அவள் பெயரை எழுதவில்லை. எழுதத் தெரியாத நான் இத்தனை வருடம் அதை நாக்கில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்தப் பெயரை மட்டும் தனியாக எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதினாள். ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினேன்.

ஆறே எழுத்து. இதற்கா உனக்கு இடமில்லை?