தலை இருக்கும் உயரம்

மார்ச் 4
மன்னிக்கணும். மேடை விளக்கு வேலையின் சொற்களைக் குறித்துக்கொள்ள வாங்கிய நோட்டு இது. இதில் என் கதையை எழுதுவது நியாயமில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது.

கியூ: விளக்கு மாற வேண்டிய கணம். ஃபேட்: வெளிச்சம் மெல்லக் குறைவது. ஃபோகஸ்: நடிகர் நிற்கும் இடத்துக்கு ஒவ்வொரு விளக்கையும் திருப்பி வைப்பது.

மூன்று வருடம் இயற்பியல் படித்தவள். ஒளியின் வேகம் தெரியும். விளக்கின் திருகு எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியாது.

மார்ச் 7
அம்மா பக்கத்து வீட்டில், "ஆபீஸ்ல வேலை" என்கிறாள். உள்ளே வந்து என்னிடம், "நம்ம வீட்லயே மொத பட்டம் நீதான். லைட்டு போடத்தானா அவ்ளோ படிச்ச?"

ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு வளைந்த முதுகு. எப்படிக் கோபப்படுவது? ஒருமுறை நாடகத்துக்கு வந்து பார்த்தால் போதும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மார்ச் 11
ஃபோகஸ். நடிகர்களுக்குப் பதில் நான் நின்றேன். அவ்வளவு வெளிச்சத்தில் நான் நின்றதே இல்லை. ஏணி மேலிருந்து விளக்குக்கார அண்ணன், "என்னம்மா, தரையில ஊசி தேடுறியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டு விளக்கும் முடிந்தது.

மார்ச் 12
ஐயோ.

ஒத்திகையில் கதாநாயகன் வந்து நின்றார். மூக்குக்கு மேல் இருட்டு. "முண்டம் வசனம் பேசுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். ஒளியமைப்பாளர் மேடம் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷம் ஏணி ஏறி என்ன பிரயோஜனம்?" அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

நான்தானே. நானே குட்டை, அதிலும் தலை குனிந்து நின்றேன். விளக்கெல்லாம் என் குனிந்த தலைக்கு வைத்தது. பேசாமல் இருந்திருக்கலாம். எப்படிச் சொன்னேன்னே தெரியல. "மேடம், தப்பு என்னோடது. நான் குனிஞ்சு நின்னுட்டேன்."

"சரி. காலைல ஏழு மணி. மறுபடி நில்லு."

மார்ச் 13
ஒரு மரப்பெட்டியோடு போனேன். கதாநாயகன் உயரத்துக்கு அதன்மேல் ஏறி, விளக்கை நேராகப் பார்த்தேன். கண் அதிகம் கூசும் இடம்தான் வெளிச்சத்தின் நடு.

"அண்ணே, நாலாவது நெத்திக்கு மேல போகுது. ஒரு விரக்கடை கீழ."

என் குரலா அது? கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

"உத்தரவு, மகாராணி!"

இந்தத் தடவை நானும் சிரித்தேன். மாலை ஒத்திகையில் எல்லோருக்கும் முகம் இருந்தது. மேடம் என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு போர்டுல நீ உக்காரு" என்றார். போர்டு: எல்லா விளக்கும் ஒருவர் கைக்குள் அடங்கும் பலகை.

மார்ச் 14
முதல் நாள் நாடகம். அறுபத்திரண்டு கியூ. ஒன்றும் தப்பவில்லை. கடைசி ஃபேடை ஏழு விநாடியில் இறக்கினேன். இருட்டில் கைதட்டல். எனக்கில்லைதான். கொஞ்சம் எனக்கும்தான்.

மார்ச் 15
அம்மா வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன், குனிந்து நின்றது உட்பட.

"அத்தனை லைட்டும் உன் கையிலயா?"

கூட வேலை செய்யும் அக்கா, "இதான் அந்த ஆபீஸ் பொண்ணா?" என்றார்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆபீஸ் இல்லடி. நாடகம். இவ கை வச்சாதான் அங்க மூஞ்சியே தெரியும்."

அப்புறம்தான் கேட்டேன்.

"அம்மா, நாளைக்கு நாடகத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமே வா. ஜனம் வர்றதுக்குள்ள மேடையில ஒரு நிமிஷம் நில்லு. உன்மேல லைட்டு போடணும் எனக்கு."