கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்

அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி தேவலையா? பட்டறையில இன்னும் கியர்பாக்ஸை நீங்களே தூக்கினா அம்மாகிட்ட சொல்லிடுவேன்.

நான் சுகம். என் பழைய கார்ல ஹீட்டர் போட்டாலும் குளிர்காத்துதான் வந்தது. பயப்படாதீங்க, சரியாயிடுச்சு. எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும்னு நானே கழற்றிப் பார்த்தா, உள்ளே அது இல்லவே இல்லை! நம்ம ஊர் வெயில்ல எஞ்சின் கொதிக்கும்னு நீங்க பிடுங்கி எறிவீங்களே, அதே கைவரிசை. இந்த நாட்டுக் குளிர்ல அது இல்லாம எஞ்சின் எப்படிச் சூடேறும், ஹீட்டருக்கு எப்படிச் சூடு வரும்?

கடையில எண்பத்திரண்டு டிகிரியில திறக்குறதா, எண்பத்தெட்டுல திறக்குறதான்னு கேட்டாங்க. குறைஞ்சதை வாங்குன்னு உங்க குரல் காதுல கேட்டுச்சு. கூடினதையே வாங்கினேன். இப்போ கால்விரல் வரைக்கும் கதகதப்பு.

மூக்கடைப்புத் தைலம் ரெண்டு அனுப்புங்க. வேலைக்கு நேரமாச்சு.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினதைப் பார்த்தா, எனக்கு முன்னால இந்த வண்டியை வச்சிருந்தவர் நம்ம ஊர்ப் பக்கத்து ஆளாத்தான் இருக்கணும். விசாரிச்சுக்கிட்டிருக்கேன். சண்டை போட இல்லப்பா, சும்மா பேசத்தான்.

உங்க மகள்